கடையத்திலிருந்து ஒரு கடன் கடிதம்



வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வருகிறவர்களில் கவிதை எழுதும் நண்பர் ஒருவரும் இருக்கிறார். சென்ற முறை தன் புத்தகத்தை அச்சடித்த பற்றுச்சீட்டையும் கொண்டுவந்தார். எத்தனை விற்றது என்று கேட்டேன். வெளியீட்டு விழாவில் கொஞ்சம் போனது, மிச்சம் கராஜுக்குள் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது என்றார். வானொலிக்கு வந்து புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டேன். "என்ர புத்தகத்தை நானே நல்லதெண்டு சொல்லுறதோ அண்ணை? சனம் சிரிக்கும்" என்றார்.

அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றையே இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

1908 இல், கைதாகக்கூடும் என்ற நிலையில், மகாகவி பாரதியார் சென்னையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடங்கள் அங்கேயே வாழ்ந்தார். 1918 நவம்பரில் திரும்பி வந்தபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். விடுதலையான பின் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் குடியிருந்தார்.

1920 இல் அங்கிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து தன் கையெழுத்துப் பிரதிகள் வந்து சேர்ந்துவிட்டன, அவற்றை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சடிக்கப் போகிறேன் என்று எழுதினார். தொடக்கச் செலவு 20,000 ரூபா. இரண்டு வருடங்களுக்குள் நிகர இலாபம் ஒன்றரை லட்சம் ரூபா. மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல இவை விற்பனையாகும் என்றும் சொன்னார். ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாவாவது கடன் தர வேண்டும், முத்திரை ஒட்டிய கடன் பத்திரமும் மாதம் 2 வீத வட்டியும் தருவேன் என்பது அவர் வாக்கு.

கணக்காளனான எனக்கு இதைப் படிக்கத் தலை சுற்றுகிறது. மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! வட்டியோ வருடத்துக்கு 24 வீதம். 20,000 ரூபாவுக்கு மாதாமாதம் 400 ரூபா வட்டியே கட்ட வேண்டும். ஆனாலும் அது வெறும் கனவல்ல. 1907 இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாக வழங்கியிருந்தார். தன் பாட்டுக்கு மக்களிடம் இடம் உண்டு என்பதை அவர் நேரில் கண்டவர்.

இது தற்புகழ்ச்சி இல்லையா என்று கேட்பீர்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்கு விதியே வைத்திருக்கிறது. எவ்வளவு கற்றவனும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் சொல்கிறது. பிறகு நான்கு இடங்களில் தகும் என்கிறது: அரச சபைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், சபையில் வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. 1919 இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குப் பாரதி எழுதிய சீட்டுக்கவி முதலாவது வகை. கடையத்துக் கடிதத்தை நான் இரண்டாவது வகையில் சேர்ப்பேன்.

திட்டம் நிறைவேறவில்லை. அந்தக் காலத்தில் 100 ரூபா சின்னத் தொகையும் அல்ல. 1921 செப்டம்பரில் 38 வயதில் பாரதி காலமானார். 1922 இல் செல்லம்மா பாரதி ஆசிரமம் என்ற பெயரில் பாடல்களை நூலாக வெளியிட்டார். 1928 இல் ஆங்கில அரசு அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. 1949 இல் சென்னை அரசு அவர் படைப்புகளின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது. பின்னர் அவை பொதுவுடைமையாகின. அவர் கணக்குப் போட்ட விற்பனை நடந்தது, ஆனால் அதில் ஒரு சதம்கூட அவர் கைக்குப் போகவில்லை.

ஆகவே நேயர்களே, நம் எழுத்தாளர் ஒருவர் தன் புத்தகத்தைப் பற்றிச் சந்தோசமாகக் கதைத்தால் "பெருமை பிடிச்ச ஆள்" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த ஊரில் அவர் எழுதியதை அறியாதவர்கள் நடுவில்தான் அவர் நிற்கிறார். நன்னூலே அவருக்கு அனுமதி தந்திருக்கிறது. புத்தகத்தைச் சும்மா கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். வாசித்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

என் நண்பர் இப்போது வானொலிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். முதல் பிரதிக்கான காசை நான் கொடுத்துவிட்டேன். பெட்டிகளில் இன்னும் நிறைய இருக்கின்றன.