ரோஜர் கேஸ்மென்ட்

அயர்லாந்தில் 1864-இல் பிறந்த ரோஜர் கேஸ்மென்ட் பிரிட்டிஷ் கான்சலாகப் பணியாற்றியவர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆளுகையிலிருந்த காங்கோவில், 1903-ஆம் ஆண்டு ஆற்றுவழியே ஊரூராகச் சென்று, ரப்பருக்காக மக்கள் பட்ட கொடுமைகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டெழுதினார். 1904-இல் வெளிவந்த அவ்வறிக்கை ஐரோப்பாவை உலுக்கிற்று. 1908-இல் காங்கோ மன்னர் கைவிட்டுப் போயிற்று. 1910-இல் அமேசான் காட்டுப் பழங்குடியினரை வதைத்த ரப்பர் நிறுவனம் லண்டனில் பதிவு பெற்றதாயினும், அவர் உண்மையை மறைத்தாரில்லை. 1911-இல் அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்தது.

காங்கோவில் கண்டவையே தம்மை அயர்லாந்துக்காரரென உணர்த்தின என்று அவர் எழுதியுள்ளார். 1913-இல் பதவி துறந்தார். முதல் உலகப் போரின்போது தாய்நாட்டு விடுதலைக்கு ஜெர்மனியின் துணையை நாடினார். பட்டமளித்த அரசே அதனைப் பறித்து, 1916 ஆகஸ்ட் 3-ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டது. 1965-இல் அவரது எலும்புகள் டப்ளின் மண் சேர்ந்தன.