ஐஸ் இல்லாத ஊரின் பீர்

2012-ல் ஆபீஸ் வேலையாக நான்கு மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தேன். போன முதல் வாரமே கூட வேலை பார்த்த ஒருத்தர், இது எங்க ஊர் பீர் என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். லேபிளில் ஒரு நங்கூரம், கீழே ‘ஆங்க்கர் ஸ்டீம் பீர்’ என்று பெயர். பீரில் ஆவி எங்கே இருந்து வந்தது? அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடித் தேடிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. (ஆராய்ச்சிக்காகத்தான் குடித்தேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

கதை புரிய ஈஸ்ட் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பீர் ஈஸ்டில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஏல் ஈஸ்ட், சென்னையின் மார்கழி விடியற்காலைச் சூட்டில் நன்றாக வேலை செய்யும். லாகர் ஈஸ்டுக்கு அது ஆகாது. சுமார் 7 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக நொதிக்க வேண்டும், அப்புறம் வாரக்கணக்கில் இன்னும் குளிரான இடத்தில் கிடக்க வேண்டும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லே சேமித்து வைப்பதைக் குறிப்பதுதான். ஜெர்மனியில் மலைக்குகைகளும் குளிர்காலப் பனிக்கட்டியும் இருந்ததால் அது நடந்தது.

1849-ல் தங்கம் தேடி ஊரே கலிஃபோர்னியாவுக்கு ஓடியபோது ஜெர்மன் பீர்க்காரர்களும் லாகர் ஈஸ்டோடு வந்து இறங்கினார்கள். வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஏரி உறைவதில்லை, ஐஸ் கிடையாது. 1852 முதல் அலாஸ்காவின் சிட்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது, ஆனால் விலை அதிகம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்காவின் இன்னொரு மூலையான பாஸ்டனிலிருந்து மெட்ராஸுக்கும் கப்பலில் ஐஸ் வந்துகொண்டிருந்தது. அதை வைக்கக் கட்டியதுதான் மெரினா எதிரே இருக்கும் நம்ம ஐஸ் ஹவுஸ். துரைமார்களின் டம்ளருக்கு அது போதும். ஒரு ஆலையின் தொட்டிகளைக் குளிர வைக்கக் கட்டுப்படியாகாது.

அதனால் கலிஃபோர்னியாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லாகர் ஈஸ்டையே ஏல் சூட்டில், ஏறக்குறைய 15 முதல் 18 டிகிரியில், நொதிக்க விட்டார்கள். ஆழமான தொட்டி இல்லை. அகலமான, ஆழமில்லாத, திறந்த தட்டுத் தொட்டி. சூடு சீக்கிரம் வெளியேறும், மீதியைக் கடலிலிருந்து வரும் குளிர்காற்று பார்த்துக்கொள்ளும். பிறகு பீப்பாயில் ஊற்றி, நொதித்துக்கொண்டிருக்கும் புது பீரையும் கொஞ்சம் கலந்து மூடிவிடுவார்கள். உள்ளே வாயு ஏறிக்கொண்டே போகும். பீப்பாயைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று சீறும். அதனால்தான் ஸ்டீம் என்று பெயர் வந்தது என்கிறார்கள் சிலர். கொதிக்கக் காய்ச்சிய திரவத்தைக் கூரைமேல் ஆறப்போட்டபோது எழுந்த ஆவிதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

எங்கள் தொழிலில் இதை ‘வொர்க்அரவுண்ட்’ என்போம். வசதி இல்லாதபோது செய்யும் தற்காலிக ஒட்டு வேலை. வசதி வந்ததும் முதலில் தூக்கிப் போடுவதும் அதைத்தான். இங்கேயும் அதேதான் நடந்தது. குளிர்பதன இயந்திரம் வந்ததும் ஸ்டீம் பீர் ஏழைகளின் மட்டமான பீர் ஆகி, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆங்க்கர் மட்டும் எப்படியோ தொங்கிக்கொண்டிருந்தது. 1896-ல் இந்தப் பெயர் பெற்ற ஆலை அது. 1906 பூகம்பத் தீயில் எரிந்தது, 1920 மதுவிலக்கில் மூடியது, 1933-ல் திறந்தது, அடுத்த வருடமே மறுபடி தீ, 1959-ல் மறுபடி மூடல், 1960-ல் மறுபடி திறப்பு. பழைய பாணியில் ஸ்டீம் பீர் காய்ச்ச அப்போது வேறு ஆலையே மிச்சமில்லை.

1965-ல் ஃப்ரிட்ஸ் மேடேக் உள்ளே வருகிறார். மேடேக் வாஷிங் மெஷின் குடும்பத்துப் பையன், ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். வழக்கமாகப் போகும் உணவகத்தில் இந்த பீரைத்தான் குடிப்பார். ஆலை மூடப் போகுது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று உணவக முதலாளி சொல்ல, போனார். சில ஆயிரம் டாலருக்கு 51 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வாங்கியது ஒரு பாழடைந்த ஆலை. பீர் அடிக்கடி புளித்துப்போகும். மேடேக்குக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: எல்லோரையும் போல நவீன லாகருக்கு மாறுவது, அல்லது பழையதை அப்படியே விட்டுவிடுவது. அவர் இரண்டையும் செய்யவில்லை. தட்டுத் தொட்டியும் சூடான நொதிப்பும் அப்படியே இருக்கட்டும், சுத்தம் மட்டும் மாறட்டும் என்றார். மைக்ரோஸ்கோப் வாங்கினார், குழாய்களையும் தொட்டிகளையும் மாற்றினார். 1971-ல் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தார். லாபம் என்ற ஒன்றைப் பார்க்கவே ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க அவரிடம் குடும்பப் பணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்றவர்கள் இரண்டாவது வருஷமே கடையை மூடியிருப்போம்.

மற்ற பீர்கள் அதற்கப்புறம் வந்தவை. 1970-களின் தொடக்கத்தில் கறுப்பு போர்ட்டர். 1975 ஏப்ரல் 18-ல், பால் ரெவியர் குதிரையில் போன இரவின் இருநூறாவது ஆண்டு நினைவாக, லிபர்ட்டி ஏல். ஆரஞ்சுத் தோல் மாதிரி மணக்கும் கேஸ்கேட் என்ற புது அமெரிக்க ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டது. இன்று பெங்களூரு பார்களில் ஐபிஏ என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த அமெரிக்க ஐபிஏ-வின் பாட்டி இது. அதே வருடம் கிறிஸ்துமஸ் ஏல்: வருடாவருடம் வேறு செய்முறை, லேபிளில் வேறு மரம். 1976-ல் நியூ ஆல்பியன், 1980-ல் சியரா நெவாடா என்று சின்ன ஆலைகள் முளைத்தபோது அவர்களுக்கு மேடேக் ஒரு உயிருள்ள சாட்சி. கிராஃப்ட் பீர் என்று இன்று உலகம் சொல்வதன் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று இந்த ஆலை.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 1981-ல் ஆங்க்கர் ‘ஸ்டீம் பீர்’ என்ற பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. ஒரு ஊரே சேர்ந்து உருவாக்கிய முறையின் பெயர் ஒரு கம்பெனியின் சொத்தானது. மற்றவர்கள் அதே பீரைக் காய்ச்சினாலும் ‘கலிஃபோர்னியா காமன்’ என்றுதான் எழுத வேண்டும். தனியாக நின்று காப்பாற்றியவருக்கு அந்த உரிமை உண்டு என்று முன்பெல்லாம் நினைத்தேன். காப்பாற்றியவர் போன பிறகும் அந்தப் பூட்டு இருக்கும் என்று யோசிக்கவில்லை.

மேடேக் 2010-ல் விற்றார். 2017-ல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது. 2019-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் கையால் வரைந்த லேபிள் போய்ப் பளிச்சென்று ஒன்று வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2023 ஜூனில் கிறிஸ்துமஸ் ஏலை நிறுத்துவதாக அறிவித்தார்கள், ஜூலையில் ஆலையையே மூடுவதாக அறிவித்தார்கள். நாங்களே கூட்டுறவாக வாங்கிக்கொள்கிறோம் என்று தொழிலாளர்கள் முயன்றார்கள், நடக்கவில்லை. 2024 மே மாதக் கடைசியில் சோபானி தயிர்க் கம்பெனியின் ஹம்தி உலுகாயா வாங்கினார்: கட்டடம், தொட்டிகள், செய்முறைகள், கூடவே பெயர்.

ஈஸ்ட் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ‘சான் பிரான்சிஸ்கோ லாகர்’ என்று ஆய்வகங்கள் சின்னப் பாக்கெட்டில் விற்கின்றன. வாங்கி, அடுப்படியில் 16 டிகிரியில் பீர் காய்ச்சுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சென்னையில் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வேண்டும்.