ஆங்கிலக் கம்பெனியின் தொடக்கக் குடியேற்றங்கள்: மதராசும் செங்கற்பட்டு ஜாகீரும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழகத்தில் முதலில் காலூன்றிய இடம் மதராசுப்பட்டினம் (1639). அதையடுத்துக் கையில் கிடைத்த பெரிய நிலப்பகுதி செங்கற்பட்டு ஜாகீர், அதாவது வருவாய் உரிமையோடு தரப்பட்ட நிலம் (1763). இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை. இன்றைய பொத்தேரி ஜாகீருக்குள் அடங்கியிருந்த ஊர். மதராசுக் கோட்டைக்கும் அதற்கும் ஒரு நாள் நடைத்தொலைவுதான். ஒரே கம்பெனியின் ஆட்சியில் இருந்தும் பட்டினம் துணி வணிகத்தாலும் துபாஷிகளாலும் (இருமொழித் தரகர்கள்) வளர்ந்தது. ஜாகீரோ ஏரி, நெல், மிராசு (பரம்பரை நில உரிமை) என்ற பிடிக்குள்ளேயே இருந்தது. கம்பெனி திட்டமிட்டு உண்டாக்கிய வேறுபாடு அன்று இது. அந்தந்த இடத்தில் ஏற்கெனவே யார் கை ஓங்கியிருந்தது, அவர்களோடு கம்பெனி என்ன உடன்பாட்டுக்கு வந்தது என்பதே இதைத் தீர்மானித்தது.

துணிக்காக எழுந்த ஊர்

மசூலிப்பட்டினத்திலும் ஆர்மகானிலும் (துர்க்கராஜபட்டினம்) கடை வைத்திருந்த ஆங்கிலேயருக்கு விலை குறைந்த துணி தேவைப்பட்டது. கம்பெனி அலுவலர் பிரான்சிஸ் டே தெற்கே வந்து, 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இடம் பெற்றார். நல்ல துறைமுகம் இல்லாத, அலை மோதும் மணற்கரை அது. பின்னிலத்தில் நெசவாளர்கள் இருந்தார்கள், துணி மலிவாகக் கிடைத்தது. டே பார்த்தது இவ்வளவுதான். பேரத்தில் மொழிபெயர்ப்பாளராக உடனிருந்த பேரி திம்மப்பாவின் குடும்பம் பின்னர் ஊரின் பெருவணிகக் குடும்பங்களுள் ஒன்றானது.

கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் சில நூறு பேரைத் தாண்டவில்லை. தறி, சாயம், வெளுப்பு, முன்பணம், கப்பலேற்றம் எல்லாம் உள்ளூர்க் கைகளில்தான் நடந்தன. கம்பெனி தலைமை வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். அவர் தரகர் வழியாக நெசவாளரிடம் சேர்ப்பார். துணி அதே வழியில் திரும்பி வரும். 1680இல் இறந்த காசி வீரண்ணா இந்த அமைப்பின் உச்சியில் இருந்தவர். அவர் காலத்தில் கம்பெனியின் கவர்னர்களே அவரை அனுசரித்துப் போக வேண்டியிருந்தது.

ஊருக்குள்ளே வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே தெருவுக்காகவும் ஊர்வலத்துக்காகவும் மூண்ட பூசல்கள் (1652, 1707) வெறும் சடங்குச் சண்டைகள் அல்ல. கம்பெனியின் துணி ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் அவற்றில் கலந்திருந்தது. 1688இல் தொடங்கப்பட்ட மாநகராட்சியில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும் உள்நாட்டு வணிகரும் உறுப்பினராயினர். வரி விதிப்பதற்கு அவர்கள் துணை வேண்டும் என்பதே இதற்கு முதன்மையான காரணம். ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தப் பணத்தில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். கவர்னர் மார்ட்டன் பிட் 1734இல் நெசவாளரையும் நூற்போரையும் குடியமர்த்தச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார். அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தோட்டம், முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமருடையது. பேட்டை பேட்டையாகத் தொழில் வளர்ந்தது; விளைநிலம் என்று சொல்லிக்கொள்ளப் பட்டினத்துக்கு அதிகம் இருக்கவில்லை.

கடலுக்கு அப்பாலுள்ள ஒப்பீடு

மதராசு தோன்றிய அதே பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவிலும் குடியேறினர். ஜேம்ஸ்டவுனில் (1607) தொடங்கிய வர்ஜீனியா புகையிலையால் வாழ்ந்தது. முதலில் ஒப்பந்தக் கூலிகளும், பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளும் அங்கே உழைத்தனர். மாசசூசெட்ஸ் பக்கம் சமயக் காரணத்துக்காகக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சிறு பண்ணை, மீன்பிடிப்பு, கப்பல் கட்டுதல் என்று ஊர்க்கூட்டங்களோடு வாழ்ந்தனர். தெற்கே கரோலினாவில் நெல்லும் அடிமை முறையும் சேர்ந்து வளர்ந்தன. அங்கெல்லாம் வந்தவர்கள் பழங்குடிகளை விரட்டி நிலத்தைப் பிடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அது முடியவில்லை. இங்கு விரட்ட முடியாத அளவுக்கு மக்களும், கம்பெனியைவிடப் பழமையான வணிகமும் இருந்தன.

ஆயினும் இவ்விரு உலகங்களையும் துணி இணைத்தது. சோழமண்டலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் ஒன்று; அந்த அடிமைகளே அமெரிக்கத் தோட்டங்களுக்குப் போனார்கள். பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை மதராசின் கவர்னர். 1718இல் அவர் அனுப்பிய துணி மூட்டைகளை விற்ற பணத்தால்தான் கனெக்டிகட் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

கரையோரப் போட்டித் துறைகள்

மதராசுக்குத் தெற்கே கோவளத்தில் 1720களில் ஆஸ்டெண்டு கம்பெனி கடை நடத்தியது. ஐரோப்பிய அரசியல் பேரத்தில் அந்தக் கம்பெனியே 1731இல் கலைக்கப்பட்டது. கோவளத்திலிருந்த கோட்டையை 1752இல் கம்பெனிப் படைத் தலைவர் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்துத் தகர்த்தார். அதே ஆண்டில் செங்கற்பட்டுக் கோட்டையும் அவரிடம் வீழ்ந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரரின் துறை. மெல்லிய துணிக்குப் பெயர் பெற்றது. மதராசு வளர வளர இத்துறைகள் ஒடுங்கின.

ஏரி நாட்டில் கம்பெனி

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி, தமக்குச் செய்த படை உதவிக்கு ஈடாகச் செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தார். 1780 வரை அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது கம்பெனி. இடையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக அளந்து, 2,000க்கும் மேற்பட்ட ஊர்களின் நிலம், ஏரி, குடிகள், தொழில்கள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். களத்துமேட்டில் கணக்குப்பிள்ளைக்கும் தச்சனுக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு நெல் போனது என்பதுகூட இக்கணக்குகளில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிராமத்தை அறிய இதற்கு இணையான சான்று அரிது.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இந்த நாட்டைச் சூறையாடியது. காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை தோற்றது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஊர்கள் காலியாயின, ஏரிக்கரைகள் உடைந்தன. இந்த நிலையில்தான் கம்பெனி நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரி மராமத்திலும் வரி உயர்விலும் ஒருசேரக் கண்ணாக இருந்தவர். மதுராந்தகத்தில் உடையவிருந்த கரையை இராமர் காத்ததைப் பார்த்து பிளேஸ் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் கதை.

பிளேஸ் இங்கே எதிர்கொண்டவர்கள் காணியாட்சி உடைய மிராசுதார்கள். ஊர் நிலம், புறம்போக்கின் பயன், களத்து உரிமைகள் எல்லாம் பரம்பரையாக அவர்களிடம் இருந்தன. அவர்களுக்குக் கீழே உள்குடி, புறக்குடிப் பாயக்காரிகள் (குத்தகைக்குப் பயிரிடுவோர்). எல்லோருக்கும் கீழே, நிலத்தோடு பிணைக்கப்பட்ட பறையர் படியாள்கள். வரியை எதிர்த்து மிராசுதார்கள் ஊரைவிட்டு வெளியேறியதும் உண்டு. பட்டினத்துத் துபாஷிகளும் இங்கே மிராசு வாங்கியிருந்ததால், துணியில் வந்த பணம் நிலத்துக்குள்ளும் நுழைந்திருந்தது.

1802இல் வங்காளத்தின் ஜமீன்தாரி முறையைப் பார்த்து ஜாகீரை மிட்டாக்களாக (வரிப் பண்ணைகளாக) பிரித்து ஏலம் விட்டது கம்பெனி. வாங்கியவர்களில் பலர் வரி கட்ட முடியாமல் சில ஆண்டுகளில் கைவிட்டனர். பின்னர் வந்த, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையும் இங்கே மிராசைக் கலைக்கவில்லை. மதராசுக் கலெக்டர் எல்லிஸ் 1816இல் மிராசு உரிமை பற்றி விரிவான ஆய்வு எழுதி, அதன் தொன்மைக்கு ஆதாரம் திரட்டினார். அறிவு நிறைந்த அந்த ஆய்வு, மேலே இருந்தவர்களின் உரிமைக்கு எழுத்து வலிமையும் தந்தது. கீழே இருந்தவர்களுக்காக அப்படி எழுத அன்று ஒருவரும் இல்லை.

1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு போனது. படியாளுக்கு நிலம் மட்டும் கிடைக்கவில்லை. தரிசுக்குத் தர்க்காஸ்து (விண்ணப்பம்) போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதை வெளிப்படையாகச் சொன்னது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின்படி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனியே நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று அறியப்படுவது அதுவே.

அந்நிலங்களில் பெரும்பங்கு பிறர் கைக்குப் போய்விட்டது. 1994இல் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். பொத்தேரி, மறைமலைநகர் வழியாகச் செல்லும் பெருஞ்சாலை ஓரம் கல்லூரிகளும் ஆலைகளும் வந்து, பட்டினம் ஜாகீருக்குள் பரவி, ஏரி நாட்டு நிலம் மனைக்கணக்கில் விலை போகிறது. பஞ்சமி நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.