தோலை மென்மையாக்கிய நொதி

நாம் காலில் அணியும் செருப்பும், உடலில் உடுத்தும் வெளுத்த ஆடையும் ஒரே வரலாற்றினால் பிணைக்கப்பட்டவை என்றால் மாணவர்கள் வியப்படையக்கூடும். அவ்விரண்டையும் இணைப்பது நொதி என்னும் பொருளாகும். உயிர்கள் தம்முள் ஆக்கிக்கொள்ளும் புரதம் அது. தான் செலவழியாமலே பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்த வல்லது.

பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் கழன்றுவிடும். ஆனால் தோல் உப்பி விறைத்துப்போகும். கையுறை போன்ற மெல்லிய பொருள்களுக்கு அத்தோல் உதவாது. ஆகவே ஐரோப்பாவில் தோல் பதனிடுவோர் நாயின் மலத்தையோ, புறா, கோழி இவற்றின் எச்சத்தையோ வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் தோலை இட்டனர். தோல் பட்டுப்போல் மென்மையாயிற்று. சிறிது நேரம் மிகுந்தாலோ, தோல் அழுகிப் பெருநட்டம் விளைந்தது. காரணம் யாதென ஒருவரும் அறிந்திலர்.

இலண்டன் வீதிகளில் நாய் மலத்தைத் திரட்டி, வாளிக் கணக்கில் விற்று உயிர்வாழ்ந்த ஏழைகளும் இருந்தனர். அவர்களுடைய அவல வாழ்வை ஹென்றி மேஹ்யூ என்பார் 1851இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார். அப்பொருளுக்கு வழங்கிய பெயரோ ‘ப்யூர்’, அதாவது தூயது!

1897இல் எடுவர்டு புக்னர் என்னும் செருமானிய அறிஞர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்தார். உயிரணு சிறிதுமற்ற அச்சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. உயிரினின்று பிரிந்த பின்னரும் நொதி தொழிற்படும் என்பது இதனால் விளங்கிற்று. இவ்வுண்மையை ஓட்டோ ரோம் என்னும் வேதியியலார் தோல் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்தார். மலத்தின் ஆற்றல் செரிமான நொதிகளால் வருவதாயின், அவற்றை விலங்கின் கணையத்திலிருந்தே பெறலாமன்றோ? இறைச்சிக் கூடங்களில் கிடைத்த கணையத்திலிருந்து அவர் ‘ஓரோப்பான்’ என்னும் பொருளை ஆக்கினார். அதனை விற்பதற்கு ஓட்டோ ஹாஸ் என்பவருடன் கூடி 1907இல் ஒரு நிறுவனமும் தொடங்கினார்.

இரத்தம், பால், முட்டை இவற்றின் கறைகளும் புரதமே. எனவே, 1914இல் ரோமின் நிறுவனம் ‘புர்னுஸ்’ என்னும் நொதி கலந்த சலவைப் பொருளை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயினும் சலவைக் காரத்தில் கணைய நொதி நெடுநேரம் நிலைக்கவில்லை. காரத்தைத் தாங்கும் நொதியைப் பேசில்லஸ் என்னும் நுண்ணுயிர்களே பிற்காலத்தில் அளித்தன. 1960களில் நொதி கலந்த சலவைத்தூள் மேலைநாடுகளெங்கும் பரவிற்று.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. அத்தூளைச் செய்த ஆலைத் தொழிலாளர் சிலர் மூச்சிரைப்பு நோய்க்கு ஆளாயினர் என 1969இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அதன் பின்னரே, நொதியைத் தூசி பறவாத உறையிட்ட குருணைகளாக ஆக்கும் முறை பரவிற்று.

நமது பாலாற்றங்கரையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. தோல் ஆலைக் கழிவுகளால் அங்கு நீரும் நிலமும் கெட்டதைக் குறித்து, 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. சுண்ணாம்பையும் சல்பைடையும் குறைத்து, நொதியைக் கொண்டே மயிர் நீக்கும் முறைகளைச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வந்துள்ளது.

தோலை மென்மையாக்கும் வழியை நொதி காட்டியது. அத்தொழிலில் உழைப்போரின் மூச்சையும், ஊராரின் குடிநீரையும் காப்பது மனிதனின் கடமை. அறிவியல் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பார்களாக.