நிற்கும் புல்லின் விலை
- ஆங்கிலேய வேளாண்மை வரலாற்றில் ஒரு நோக்கு -

விளைந்த பயிரை அறுத்து, நிறுத்து, சந்தைக்குக் கொண்டு சென்று விற்றல் எங்கும் உள்ள வழக்கமாகும். அறுவடைக்கு முன்பே, பயிர் நிலத்தில் நிற்கும் நிலையில் அதனை விற்றுவிடுதல் மற்றொரு வழக்கம். இவ்வாறு விற்கும்பொழுது உண்மையில் கைமாறுவது யாது? பயிரா, நிலத்தின் மீதான உரிமையா, அன்றி மண்ணின் வளமா? இங்கிலாந்தில் கால்நடைத் தீவனமாகிய உலர்புல் விற்கப்பட்ட வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றது.

புகையிரதமும் மோட்டார் வண்டியும் தோன்றுமுன் இலண்டன் மாநகரின் போக்குவரத்துக் குதிரைகளையே நம்பியிருந்தது. அக்குதிரைகளுக்கு வேண்டிய புல்லை மிடில்செக்ஸ் பகுதியின் புற்றரைகள் வழங்கின. 1798 இல் ஜோன் மிடில்ரன் அப்பகுதியின் வேளாண்மை பற்றி எழுதிய நூல், அங்கு புல்லை உலர்த்திய முறையை விரித்துரைக்கின்றது. வெஸ்ற்மின்ஸ்ரரில் இன்றும் 'ஹேமார்க்கற்' எனப் பெயர் தாங்கும் வீதி ஒரு காலத்தில் உலர்புற் சந்தையாக விளங்கியது. 1830 இல் நிறைவேறிய சட்டத்தின்படி அச்சந்தை றீஜன்ற் பூங்காவுக்கு அண்மையிலுள்ள கம்பலன்ட் சந்தைக்கு மாற்றப்பட்டது.

சந்தையில் விலை நிறையைப் பொறுத்தே அமைந்தது. பழைய உலர்புல்லின் ஒரு கட்டு 56 இறாத்தல். புதியதாயின் 60 இறாத்தல். 36 கட்டுகள் ஒரு சுமையாகும். எனவே பழைய புல்லின் ஒரு சுமை சரியாக 18 அந்தர் நிறுத்தது. புதிய புல்லில் ஈரம் எஞ்சியிருந்து பின்னர் நிறை குறையும் என்பதாலேயே கட்டொன்றுக்கு 4 இறாத்தல் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது.

வயலில் நிற்கும் புல்லுக்கோ தராசு இல்லை. ஏக்கரைக் கணக்கிட்டும் கண்மதிப்பாலுமே அதற்கு விலை கூறவேண்டியிருந்தது. வெட்டிய பசும்புல் உலர்ந்தபின் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிறையே எஞ்சும். வெட்டுகூலி, உலர்த்துகூலி, வண்டிக்கூலி ஆகியவற்றைச் சந்தை விலையிலிருந்து கழிக்கவேண்டும். இடையில் மழை பெய்து புல் அழுகினால் நட்டம் வாங்கியவனையே சாரும். ஆதலால் அதற்கும் ஒரு தொகை கழிக்கப்பட்டது. விற்றவன் குறைந்த விலையை ஏற்று, வானத்தின் மீதான அச்சத்தைப் பிறன் தலையில் ஏற்றினான் எனலாம்.

இத்தகைய பேரம் நீதிமன்றத்தையும் எட்டியது. 1805 இல் தீர்க்கப்பட்ட குரொஸ்பி எதிர் வட்ஸ்வேத் என்னும் வழக்கில், வாங்குபவனே வெட்டி உலர்த்துவதெனப் பேசப்பட்ட நிற்கும் புல்லின் விற்பனை ஆராயப்பட்டது. அது நிலத்தின் மீதான உரிமையைச் சார்ந்தது எனவும், 1677 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுத்திலான சான்று அதற்கு வேண்டும் எனவும் எலன்பரோப் பிரபு தீர்ப்பளித்தார். வாய்ப்பேச்சை நம்பி வாங்கியவன் தோற்றான். பின்னர் 1893 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், ஒப்பந்தத்தின்படி நிலத்திலிருந்து பிரிக்கப்படவிருக்கும் விளைவையும் 'பொருள்' என்னும் வரைவிலக்கணத்துள் அடக்கியது.

எனினும் புல்லோடு நிலத்தின் ஒரு பகுதியும் போய்விடுகின்றது என்னும் உண்மையை உழவர் நன்கறிந்திருந்தனர். ஒரு தொன் உலர்புல் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோகிராம் வரையான நைதரசனையும், அதற்கு ஏறத்தாழ நிகரான பொற்றாசியத்தையும் மண்ணிலிருந்து கொண்டு செல்கின்றது. இலண்டனுக்குப் புல் ஏற்றிச் சென்ற வண்டிகள் அங்கிருந்து குதிரைச் சாணத்தை ஏற்றி மீண்டன; அதனாலேயே அண்மைப் புற்றரைகள் தம் வளத்தை இழக்கவில்லை. இவ்வசதியற்ற பிரதேசங்களில், உலர்புல்லையும் வைக்கோலையும் பண்ணைக்கு வெளியே விற்கலாகாது என நிலப்பிரபுக்கள் குத்தகை உறுதிகளில் நிபந்தனை விதித்தனர். கடன்பட்ட குத்தகைக்காரனின் விளைவைக் கைப்பற்றி விற்கும் அதிகாரியும் இந்நிபந்தனையை மீறுதல் ஆகாது என 1816 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நிலப்பிரபுவின் சொத்தைக் காத்த இவ்விதி, உழவன் கைக்குப் பணம் வரும் வழியையும் அடைத்தது. 1908 ஆம் ஆண்டின் வேளாண் நிலவுடைமைச் சட்டம் விற்கும் உரிமையை அவனுக்கு அளித்தது. ஆயினும், விற்ற விளைவின் பசளைப் பெறுமதி முழுவதையும் நிலத்துக்கு ஈடுசெய்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தியது.

1856 இல் றொதம்ஸ்ரெட்டில் லோஸ், கில்பேட் ஆகியோர் தொடங்கிய புற்றரைப் பரிசோதனையும் இதற்குச் சான்றாகும். ஆண்டுதோறும் புல் வெட்டப்பட்டும் பசளை இடப்படாத துண்டங்கள், பசளையிட்டவற்றினும் மிகக் குறைந்த விளைவையே தந்தன. இரசாயனப் பசளை மலிந்தபின் இக்கணக்கு மறக்கப்படலாயிற்று. இந்தூரில் பணியாற்றிய அல்பேட் ஹவாட் 1940 இல் வெளியிட்ட நூலும், 1946 இல் இங்கிலாந்தில் தோன்றிய மண் சங்கமும் அதனை மீண்டும் நினைவூட்டின. செயற்கை நைதரசனை விலக்கும் இயற்கைப் பண்ணையில், இழந்த வளத்தைச் சாணத்தாலும் குளோவர் போன்ற அவரையினப் பயிர்களாலுமே மீட்கலாம். அதற்குக் காலமும் செலவும் உண்டு.

ஆகவே நிற்கும் புல்லின் விலையில் சந்தை நிலவரம், வானிலை, சட்டம் ஆகியவற்றோடு மண்ணுக்குரிய பங்கும் அடங்கவேண்டும். பேரம் பேசும் இருவருக்கும் இடையில் மண் வாய்திறப்பதில்லை. அதன் பங்கு கொடுபடாதவிடத்து, அடுத்த ஆண்டு விளைவிலே அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றது.