பிளஸ் டூவின் இரண்டு பாதைகள்: மால்கம் ஆதிசேஷையாவும் நாமக்கல்லும்

நாமக்கல் என்றால் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நினைவுக்கு வருபவை முட்டை, லாரி, பிளஸ் டூ ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டின் வரலாறும் ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. மூன்றாவதை விடுதிப் பள்ளிகளின் கதையாக மட்டுமே பார்க்கிறோம். ஆனால் பிளஸ் டூ எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் வரைந்து கொடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்ப் பொருளியல் அறிஞர். அவர் வரைந்த பாதை வேறு, நாமக்கல் நடந்த பாதை வேறு. இரண்டும் பிரிந்த இடத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மால்கம் ஆதிசேஷையா 1910 ஏப்ரல் 18 அன்று வேலூரில் பிறந்தார். வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னை லயோலாவிலும் படித்தபின் லண்டன் பொருளியல் கல்லூரிக்கும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கும் சென்றார். கல்கத்தாவில் சில ஆண்டுகள் ஆசிரியப் பணி. 1940 முதல் 1946 வரை தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார்.

யுனெஸ்கோ ஆண்டுகள்தான் அவருடைய பொருளியலை உருவாக்கின. 1960இல் ஆசிய நாடுகள் கராச்சியில் கூடித் தொடக்கக் கல்வித் திட்டம் வகுத்தன. அடுத்த ஆண்டே ஆப்பிரிக்க நாடுகள் அடிஸ் அபாபாவில் கூடின. அதே 1960இல் அமெரிக்காவில் பொருளியல் அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், கல்விக்குச் செய்யும் செலவு முதலீடே என்று வாதிட்டார். அதுவரை பள்ளிக்கூடத்தை நல வாழ்வுச் செலவுக் கணக்கில் எழுதிவந்த நிதியமைச்சர்கள் அதை அணைக்கும் ஆலைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிடம் இந்தக் கருத்தைக் கொண்டுசென்றவர்களில் ஆதிசேஷையா முன்வரிசையில் நின்றார்.

ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பினார். 1971 ஜனவரி 1 அன்று அவரும் துணைவியார் எலிசபெத்தும் தங்கள் சொந்தச் சேமிப்பைக் கொண்டு அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1977இல் அது தேசிய ஆய்வு நிறுவனமாயிற்று. சி.டி. குரியன், ஏ. வைத்தியநாதன் போன்றோர் அங்கே பணியாற்றித் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தை ஊர் ஊராகப் பார்க்கும் மரபை வளர்த்தார்கள். ஆதிசேஷையாவின் வாழ்நாள் பணிகளில் இதுவே ஆழமானது என்பது என் கருத்து. 1976இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார்.

1975 முதல் 1978 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் பிறக்காத காலம். சேலம், நாமக்கல், ராசிபுரம் அரசுக் கல்லூரிகள் எல்லாம் அவருடைய ஆளுகைக்குள் இருந்தன. அந்தப் பொறுப்பில் இருக்கும்போதுதான் மேல்நிலைக் கல்வியை மறுஆய்வு செய்யும் தேசியக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1978இல் வெளிவந்த அதன் அறிக்கைக்கு 'செய்யக் கற்றல்' என்று பெயர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு போய் மேல்நிலை வகுப்பு வந்தது. 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது.

அறிக்கையின் உயிர் தொழிற்பிரிவில் இருந்தது. அதில் சேரும் மாணவரின் நேரத்தில் 70 விழுக்காடு தொழிலுக்கே போக வேண்டும். எந்த ஊரில் எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்பதை அந்த வட்டாரத்தை ஆய்வு செய்து முடிவெடுக்க வேண்டும். உழவும் அதைச் சார்ந்த தொழில்களும், சொந்தமாகத் தொழில் நடத்தும் திறனும் முன்னிற்க வேண்டும்.

இந்தப் பரிந்துரைக்கு நாமக்கல்லைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழ்நாட்டில் இருந்ததா? நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், ராசிபுரம் பக்கம் மரவள்ளியும் சேகோ ஆலைகளும், பள்ளிபாளையம் குமாரபாளையத்தில் விசைத்தறிகள், எங்கும் கோழிப்பண்ணைகள். வெல்டிங் முதல் தீவனக் கலவை வரை எல்லாத் திறனும் இங்கே பள்ளிக்கு வெளியில் கைமாறிக்கொண்டிருந்தது. கிளீனராக ஏறியவர் டிரைவராகி, கூட்டுச் சேர்ந்து வண்டி வாங்கியது இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் வரலாறு. அந்தத் திறனுக்கு ஒரு சான்றிதழும் கணக்கும் அறிவியலும் சேர்த்துத் தருவதே ஆதிசேஷையா கண்ட பள்ளி.

நடந்தது வேறு. தொழிற்பிரிவு வந்தது, ஆனால் பாடங்கள் பெரும்பாலும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான பட்டியலிலிருந்து வந்தன. கற்பிக்கப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட்டார்கள். அதில் படித்தவருக்குப் பொறியியல் கல்லூரியில் கிடைத்த இடம் மிகக் குறைவு. மறுபக்கம், 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இடங்கள் பெருகப் பெருக, நல்ல கல்லூரியில் இடம் பிடிக்கும் மதிப்பெண்ணுக்கு விலை ஏறியது. லாரியிலும் பண்ணையிலும் சம்பாதித்த குடும்பங்கள் பிள்ளை அதே தொழிலுக்கு வர வேண்டாம் என்று நினைத்தன. அந்த எண்ணத்தையும் கையிலிருந்த முதலையும் விடுதிப் பள்ளிகள் ஒன்றாக்கின. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கியதும் பிளஸ் டூ மதிப்பெண்ணே கட்-ஆஃப் ஆனது. மாநிலமெங்கிலுமிருந்து பிள்ளைகள் நாமக்கல் வந்தார்கள். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும். இதைத் தடுக்கவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது.

பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் போட்ட கணக்கும் ஷுல்ட்ஸ் சொன்ன முதலீட்டுக் கணக்குதான். ஆதிசேஷையா குழு நாட்டுக்கு எத்தகைய திறன் தேவை என்பதிலிருந்து தொடங்கியது. வீடுகளோ எந்தப் படிப்பு மகனையும் மகளையும் பட்டறைக்கு அப்பால் கொண்டுசெல்லும் என்பதிலிருந்து தொடங்கின. தொழிற்பிரிவிலிருந்து மேற்படிப்புக்கு அகலமான வழி இல்லாதவரை இரண்டு கணக்கும் சந்திக்க வாய்ப்பே இல்லை. இந்தச் சறுக்கலை அறிக்கையின் தோல்வி என்பதைவிட, அது பாதி மட்டும் நிறைவேறியதன் விளைவு என்று படிப்பதே சரி.

ஆதிசேஷையா 1994 நவம்பர் 21 அன்று மறைந்தார். 1998இல் யுனெஸ்கோ அவர் பெயரில் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை நிறுவியது. தொழிற்கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பேச்சு இப்போது மறுபடியும் எழுந்திருக்கிறது. இம்முறையாவது பாடப் பட்டியல் எழுதுமுன் வட்டாரத்தை ஆய்வு செய்ய வேண்டும். ரிக் வண்டியின் ஹைட்ராலிக்கைப் பழுது பார்க்கத் தெரிந்த மாணவிக்குப் பொறியியல் கல்லூரியில் முழு உரிமையுடன் ஓர் இடம் வேண்டும். முதலாவதை 1978 அறிக்கையே கேட்டது. இரண்டாவதை நாமக்கல்லின் நாற்பதாண்டு அனுபவம் கேட்கிறது.