பாதிச் சம்பளத்தின் கதை

2018 தீபாவளி முடிந்தது. சிவகாசி வட்டாரத்தில் வழக்கம்போலத் திறக்க வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் திறக்கவில்லை. 2019 மார்ச் வரை பூட்டுதான்! சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது என்று அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 'பேரியம் இல்லாம எதைத் தயாரிக்கிறது?' என்றார்கள் முதலாளிகள். 'வேலை இல்லைன்னு வீட்டுக்கு அனுப்புறது சட்டப்படி சரியா?' இது தொழிலாளியின் கேள்வி.

பதில் தேட 1953-க்குப் போகவேண்டும். நெசவு மில்களில் சரக்கு தேங்கி, ஆட்களை நிறுத்திவைத்த நேரம். அவசரச் சட்டம் வந்தது. வேலை தர முடியாதது முதலாளியின் தப்பாக இல்லாமல் இருக்கலாம். ஆனால், தொழிலாளியின் தப்பு இல்லையே? எனவே, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. இதுதான் 'லே-ஆஃப்' நஷ்டஈடு. லே-ஆஃப் என்றால் டிஸ்மிஸ் அல்ல. வேலை உங்களுடையதுதான்.

சும்மா கிடைத்துவிடுமா? மஸ்டர் ரோலில் பெயர் வேண்டும். வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆலையில் குறைந்தது 50 பேர் இருக்க வேண்டும். சீசன் தொழிலாக இருக்கக்கூடாது. இத்தனையும் இருந்தாலும், தினம் ஒருமுறை ஆலைக்குப் போய் ஆஜராகாவிட்டால் அந்தப் பாதியும் கிடையாது!

அப்படியானால், முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கும் சின்ன ஆலைக்காரர் இஷ்டத்துக்கு அனுப்பலாமா? அங்கேதான் ஒரு திருப்பம். பம்பாய் ஆலையில் ஸ்டிரைக். ஃபயர்ஸ்டோன் கம்பெனியின் டெல்லி கிளைக்கு டயர் வரவில்லை. ஐம்பதுக்கும் குறைவான ஆட்கள் இருந்த அந்தக் கிளையில் சிலருக்கு லே-ஆஃப். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1976-ல் தீர்ப்பு: லே-ஆஃப் செய்யும் அதிகாரம் முதலாளிக்குத் தானாக வந்துவிடாது. வேலை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ அது எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சம்பளம் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பாதிச் சம்பளமும் அந்த நிபந்தனைகளும் தொடர்கின்றன. ஆனால், லே-ஆஃப் செய்ய அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டிய ஆலைகளின் வரம்பு மட்டும் 100 பேரிலிருந்து 300 பேராகிவிட்டது.

எனவே, பீஸ் ரேட்டுக்கு வெடி சுற்றுகிறவராக இருந்தாலும் சரி, மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆலை பூட்டிய பிறகு தேடினால், அதைக் காட்ட ஆளிருக்காது.